மூன்று வாயுக்களும் ஒரு குளிர்ந்த ஸ்லைடும்

தன் வாரிசுகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் படுத்துக் கிடப்பதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த மனிதன் முதலில் என்ன செய்வான்? நான் மைக்ரோஸ்கோப்பை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். எங்கள் வீட்டு டிவிக்கு அந்த வைத்தியம் பலிக்கும். இதற்குப் பலிக்கவில்லை. ஸ்லைடின் ஓரத்தை விரலால் தட்டினேன். "எந்திரிங்கடா" என்று மெதுவாகச் சொல்லியும் பார்த்தேன். ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை.

நான் ஹட்டனில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். மனிதனிடமிருந்து வெளியே வரக்கூடிய எல்லாவற்றையும் இத்தனை வருடத்தில் பார்த்தாயிற்று. இப்போது லேபில் புதிதாக வேலைக்குச் சேர்கிற பிள்ளைகள் விந்துப் பரிசோதனை என்ற பேச்சு வந்தாலே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானும் அப்படிச் சிரித்தவன்தான். பிறகு சிரிப்பு எப்படி நின்றது என்பதைத்தான் எழுதுகிறேன்.

1. கையைத் தூக்காத பயணி

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நோர்வூட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் வேலை. ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட், கழுத்தில் மஃப்ளர். இடது கை உடம்போடு ஒட்டியிருந்தது. ஏதோ முறிவு என்று நினைத்து, "எக்ஸ்ரே இங்க இல்லங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன்.

"முறியலைங்க ஐயா. சாம்பிள் இருக்கு" என்றார் ரகசியமாக.

விஷயம் இதுதான். விந்தணுக்களுக்கு உடம்புச் சூடு வேண்டும். எங்கள் ஊர்க் குளிரில் குப்பியை அப்படியே பையில் போட்டுக் கொண்டுவந்தால், லேபுக்கு வந்து சேர்வதற்குள் உள்ளே இருப்பவர்கள் விறைத்துப்போவார்கள். அதனால் வீட்டிலிருந்து கொண்டுவருகிறவர்களிடம் குப்பியை அக்குளுக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்லுவோம். அவர் அப்படியே செய்திருந்தார். பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஹட்டன் வரும் வரைக்கும் வளைவுக்கு வளைவு ஒரு கையால் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"கண்டக்டர் தம்பி ஏசுதுங்க. 'அண்ணே, ரெண்டு கையாலயும் புடிங்க, விழுந்துருவீங்க'ன்னு. இந்தக் கை வேலையா இருக்கு தம்பின்னேன். ஒரு அம்மா வேற, கோட்டுக்குள்ள என்னமோ வச்சிருக்கேன்னு பாத்துட்டு, 'குடுங்க, நான் மடியில வச்சிக்கிறேன்'ங்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முட்டைன்னு சொன்னேங்க."

அவருடைய சாம்பிள் அருமையான சாம்பிள். எல்லோரும் அவரைப் போல இருக்கவில்லை. கெட்டுப்போகக் கூடாது என்று மீன் லொறிக்காரனிடம் ஐஸ் வாங்கி அதில் புதைத்துக் கொண்டுவந்தவர் உண்டு. இன்னொருவர் சூடு போதாது என்று சுடுதண்ணீர் ஃப்ளாஸ்க்குக்குள் இறக்கிக் கொண்டுவந்தார். அது பரிசோதனைக்கு உரிய நிலையில் இல்லை. சாப்பாட்டுக்கு உரிய நிலையில் இருந்தது.

அதனால் நான் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி லேப் சுவரில் ஒட்டினேன்: 'குளிரில் கொண்டு வராதீர்கள். குளிர்ந்தவை நீந்தா.' எங்கள் லேபின் பொறுப்பாளர் ரேணுகா மிஸ் சிங்களவர். தமிழ் பேசுவார், வாசிக்க மாட்டார். அர்த்தம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லம் சிவா. அவங்களுக்கு சொன்னது போதும். நீங்களும் மறக்க வேணாம். காலையில வந்தா மொதல் வேல இன்கியூபேட்டர். ஸ்லைட்டும் சூடு, குப்பியும் சூடு. அதுக்குப் பொறகுதான் லைட்டு, யன்னல், எல்லாம்."

அப்போது நான் சிரித்துக்கொண்டே தலையாட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. எழுதி ஒட்டியவனுக்கே பாடமா என்ற நினைப்பு.

2. ரோல்ஸ் தீர்ந்துவிடும் என்று

கண்டியிலிருந்து மாதம் ஒருமுறை பிள்ளைப்பேறு டாக்டரம்மா எங்கள் லேபுக்கு மேலே இருந்த கிளினிக்குக்கு வருவார். ஒரு ஞாயிறு, அக்கம்பக்கத்து லேப், கிளினிக் ஆட்களை எல்லாம் கூட்டி ஒரு வகுப்பு எடுத்தார். ஆணின் கருவளத்தில் வாயு மூலக்கூறுகளின் பங்கு என்பது தலைப்பு. பின்வரிசையில் யாரோ 'வாயு' என்ற இடத்தில் மட்டும் சத்தமாக இருமினார்கள். நானாகத்தான் இருக்கும்.

டாக்டரம்மா சிரிக்காமல் தொடர்ந்தார். "மூணு வாயு. நைட்ரிக் ஆக்சைட், வாகனப் புகையில இருக்கிறது. கார்பன் மொனொக்சைட், மூடின அறையில கரி எரிஞ்சா வருமே, ஆளையே கொல்லுமே, அது. மூணாவது ஹைட்ரஜன் சல்பைட். அழுகின முட்டை நாத்தம். இந்த மூணும் விந்தணுவோட நேரடியா சம்பந்தப்பட்டது. அளவு மீறினா என்ன ஆகும்? நீச்சல் நின்னு போயிரும்."

இந்த இடத்தில் பின்பக்கம் தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது. மீன் ரோல்ஸ். நாற்பது பேர் வகுப்பில் பின்வரிசைக்காரனுக்கு இருக்கும் ஒரே சலுகை அதுதான். நான் நழுவினேன். மிச்ச வகுப்பு எனக்கு ரோல்ஸின் வாசனையோடு கதவுக்கு வெளியே நடந்தது.

அன்று மூன்று ரோல்ஸ் சாப்பிட்டேன். அவ்வளவு விலை கொடுத்து வேறு எதையும் நான் சாப்பிட்டதில்லை.

3. கடை திறக்கும் முன்

என் மனைவி சாந்தி. லிந்துலைக்காரி. கல்யாணம் முடிந்து சில வருடமாகியும் பிள்ளை இல்லை. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிள்ளை இல்லை என்றால் பெண்ணைத்தான் அனுப்புவார்கள். கோயிலுக்கு அவள், கஷாயத்துக்கு அவள், ஸ்கேனுக்கு அவள். ஊரில் உள்ள ஆண்களுக்கெல்லாம் ரிப்போர்ட் எழுதுகிற நான், டிக்கோயாவில் எங்கள் வீட்டில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் டாக்டரம்மா சாந்தியின் வயிற்றுக்குள் கமெரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். கண்டியில், மயக்க மருந்து கொடுத்து. "ஆனா புருசனோட ரிப்போர்ட் பாக்காம நான் கத்தி தொடமாட்டேன்" என்றும் சொல்லிவிட்டார்.

அன்றைக்குச் சாந்தி வீட்டுக்கு வந்து கேட்டாள்: "ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் பாக்குறீங்க. ஒங்களுக்கு எப்ப பாக்கப் போறீங்க?"

"வேலை கூட சாந்தி. இந்தா, அடுத்த கெழம."

அடுத்த கிழமை என்பது எங்கள் வீட்டில் மூன்று வாரம் ஓடியது. பயம்தான். வேறொன்றும் இல்லை. ஆனால் பயம் என்று சொல்ல முடியுமா? நான் லேப்காரன் அல்லவா.

ஒருநாள் விடிந்ததும், மற்றவர்கள் வருமுன் லேபைத் திறந்து உள்ளே போய் ஷட்டரை இறக்கினேன். மார்கழிக் குளிர். வாயைத் திறந்தால் புகை. கழிப்பறையில் நடந்த வரலாற்றை விட்டுவிடுகிறேன். குப்பியை டைல்ஸ் மேசையில் வைத்துவிட்டு, அது இளகி நீர்த்து வரும் வரைக்கும் ஷட்டர் இடுக்கு வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன், யாராவது வருகிறார்களா என்று. பிறகு ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் வைத்துக் கண்ணைப் பதித்தேன்.

மேலே முதலில் சொன்ன இடம் இதுதான். ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். எல்லாரும் படுத்துக் கிடந்தார்கள். ஒன்றிரண்டு பேர் வாலை லேசாக ஆட்டினார்கள், போய்வருகிறோம் என்று சொல்வது போல.

4. மும்முனைப் போர்

அன்று முழுக்க யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். மூன்று வாயு! பஸ்ஸில் வருகிறேன், டீசல் புகை. வீட்டில் சாந்தி ராத்திரிக் குளிருக்குத் தகரச் சட்டியில் அடுப்புத் தணல் அள்ளி வைப்பாள், கரி வாயு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் கடையில் தினமும் முட்டை ரொட்டி. அப்படியென்றால் முட்டை வாயு. எல்லாம் கணக்காகப் பொருந்தியது. பயந்த மூளையைப் போலக் கணக்குப் போடுகிற இயந்திரம் உலகத்தில் இல்லை.

மறுநாள் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தேன். டிக்கோயாவிலிருந்து ஹட்டனுக்கு மேட்டில் ஏறுகிற ஒவ்வொரு பஸ்ஸும் என்னைத் தாண்டும்போது என் முகத்துக்கு நேரே கறுப்பாக ஊதிவிட்டுப் போனது. பஸ்ஸுக்குள் இருந்தபோது நான் இவ்வளவு புகையைக் கண்டதே இல்லை. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் மூச்சை அடக்கி அடக்கி, நானாவின் கடைக்கு முன்னால் வந்தபோது கண் இருட்டியது.

"என்னா தம்பி, மூஞ்செல்லாம் நீலம் பூத்துக் கெடக்கு? ஒக்காருங்க. முட்ட ரொட்டி போடவா?"

"முட்டை வேணாம் நானா. வெறும் ரொட்டி."

நானா கரண்டியைக் கீழே வைத்தார். "என் கடையில முட்ட வேணாம்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். என் கோழி என்னா பாவம் பண்ணுச்சு?"

"டாக்டரம்மா வேணாம்னு சொல்லிட்டாங்க."

"எந்த டாக்டரம்மா? கண்டி டாக்டரா? அவங்க போன தடவ வந்தப்ப ரெண்டு முட்ட ரொட்டி பார்சல் கட்டிக்கிட்டுப் போனாங்க தம்பி!"

பெண்களை அது பாதிக்காது என்று சமாளித்துவிட்டு வெறும் ரொட்டியைத் தின்றேன். பிறகு கடைக்குப் பின்பக்கம் போய், படபடப்பு அடங்க ஒரு சிகரெட் பற்றவைத்தேன். அந்த நாட்களில் படபடப்பு கூடியதால் சிகரெட்டும் கூடிப்போனது. அதை மறக்காமல் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்துவிட்டேன்.

வீட்டில் தணல் சட்டியைத் தூக்கி வெளியே வைத்தேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். பனிமூட்டம் நேரே உள்ளே வந்தது. சாந்தி இரண்டு கம்பளிக்குள் சுருண்டுகொண்டு சொன்னாள்: "என்னங்க, வீட்டுக்குள்ள மேகம் வந்துருச்சு."

"நல்ல காத்து, வரட்டும்."

"நல்ல காத்தா? எனக்குப் பல்லு தந்தியடிக்குது."

நான் ஜன்னல் பக்கம் பாயைப் போட்டுப் படுத்தேன். கெட்ட காற்று அவளிடம் போகாது, நல்ல காற்று என்னிடம் வரும் என்று ஒரு திட்டம். இப்படியே இரண்டு கிழமை. அவளுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை.

5. சூட்கேஸ்

ஒரு பின்னேரம் வேலை முடிந்து வந்தேன். சாந்தி சூட்கேஸை விரித்துவைத்துச் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க?"

"லிந்துலைக்கு. அம்மா வீட்டுக்கு."

"என்னா திடீர்னு?"

அவள் என்னைப் பார்க்காமல் மடித்தாள். "திடீர்னு இல்ல. ஒங்க அக்கா போன் பண்ணுனாங்க. ஒங்களுக்கு வேற எடத்துல பொண்ணு பாப்போம்னு பேச்சு நடக்குதாம். நீங்களும் பாய தனியா போட்டுட்டீங்க. பக்கத்துல வந்தா ஜன்னல தொறக்குறீங்க, என்மேல நாத்தம் அடிக்குற மாதிரி. எனக்கு வெளங்குது. நான் மறிச்சிக்கிட்டு நிக்கமாட்டேன். டாக்டரம்மாகிட்ட கெஞ்சியாவது கண்டிக்குப் போய் வயித்த கிழிச்சிப் பாத்துட்டு வர்றேன். அதுலயும் சரிவரலன்னா, நீங்க ஒங்க வழியப் பாத்துக்கங்க."

அக்கா அப்படிப் பேசியது எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த இரண்டு கிழமையில் என் காதில் ஏறியிருக்காது. காதைச் சுற்றி மூன்று வாயு.

"கிழிக்க வேணாம் சாந்தி" என்றேன். "எல்லாம் படுத்துக் கெடக்கு."

"என்னது படுத்துக் கெடக்கு?"

"என்னோடது. நான் பாத்துட்டேன். ஒன்னும் ஓடல. கொற ஒன்கிட்ட இல்ல, என்கிட்ட."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் ஆறுதல் சொல்லுவாள் என்று நினைத்தேன். சேலையை என்மேல் எறிந்தாள்.

"எப்ப பாத்தீங்க?"

"ரெண்டு கெழம ஆச்சு."

"ரெண்டு கெழமையா தெரிஞ்சிக்கிட்டா ஜன்னல தொறந்து வச்சிக்கிட்டு படுத்தீங்க? நான் என்னமோ என் ஒடம்புல நாத்தம்னு நாளைக்கு ரெண்டு தடவ குளிச்சேன் இந்தப் பனியில! எத்தன கசாயம் குடிச்சேன், எத்தன ஊசி! ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னா?"

"பயமா இருந்துச்சு."

அவள் சூட்கேஸை மூடினாள். பிறகு அதன் மேல் உட்கார்ந்தாள். "பயந்தா சொல்லிட்டுப் பயப்படுங்க. நானும் கூட இருந்து பயப்படுவேன்ல?"

அதற்குப் பிறகு அழுதது நான்தான். பக்கத்து வீட்டில் கேட்டுவிடும் என்று அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். இரண்டு கிழமைக்குப் பிறகு எங்கள் வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது.

6. முதல் கேள்வி

மறுநாள் காலை அவளே என்னை லேபுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். நான் வேலை செய்கிற இடத்துக்கு நானே நோயாளியாக வந்தேன். ரேணுகா மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சாந்தி சொன்னாள். நான் சுவரில் இருந்த என் அட்டையைப் பார்த்தபடி நின்றேன்.

மிஸ் கேட்ட முதல் கேள்வி: "அன்னைக்கு இன்கியூபேட்டர் போட்டதா?"

என் கண் அட்டையில் இருந்தது. 'குளிர்ந்தவை நீந்தா.' என் சொந்தக் கையெழுத்து.

"சிவா, நான் கேக்குறது. ஸ்லைட்டு சூடு பண்ணினதா? குப்பி எங்க வச்சது?"

"டைல்ஸ்ல" என்றேன்.

"அனே தெய்யனே!" மிஸ் சிங்களத்தில் கடவுளைக் கூப்பிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "டிசம்பர் காலையில டைல்ஸ் மேல! அந்த நோர்வூட் மனுசன் பஸ்ல கைய தூக்காம வந்தது. நீங்க எட்டு அடி தூரம் கொண்டுவர முடியாம கொன்னது!"

"கொல்லல மிஸ், தூங்க வச்சிருக்கேன்" என்று சொல்ல நினைத்தேன். சாந்தியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். உண்மையில் திரும்பச் சூடு காட்டியிருந்தால் அவர்களில் பலர் எழுந்திருப்பார்கள். அதுவும் எனக்குத் தெரியும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தவனைப் பயம் என்ன செய்யும் என்பதுதான் தெரியாது.

சில நாள் ஒன்றுசேராமல் இருக்கும் பத்தியம் சொல்லி, டாக்டரம்மா வருகிற நாளில் மறுபடி பார்த்தோம். இந்தத் தடவை மிஸ்தான் பார்த்தார். குப்பி இன்கியூபேட்டரில், ஸ்லைட் சூட்டுத் தட்டில். பார்த்துவிட்டு இடத்தை விட்டு எழுந்து, "வாங்க" என்றார் சாந்தியிடம். என்னிடம் இல்லை.

சாந்தி கண்ணை வைத்தாள். வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை. "என்னங்க, இது பெரட்டு கலைஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்ததும் ஆட்கள் ஆளுக்கொரு மலைக்குப் பிரிந்து ஓடுவார்களே, அதைச் சொன்னாள். "ஆனா கொஞ்சப் பேரு வேலைக்குப் போகாம அங்கனயே நிக்கிறாங்க."

அவள் சொன்னது சரியாக இருந்தது. நீச்சல் இருந்தது, ஆனால் இருக்க வேண்டியதைவிடக் குறைவு. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். நான் என் மும்முனைப் போரை விவரித்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: "நீங்க என் வகுப்புக்கு வந்தீங்கதானே?"

"பாதிக்கு வந்தேன் டாக்டர். ரோல்ஸ்..."

"மிச்சப் பாதியைச் சொல்றேன். அந்த மூணு வாயுவையும் நம்ம உடம்பே செய்யுது. ரொம்பக் கொஞ்சமா. அது சேதி சொல்ற வாயு. தபால் மாதிரி தூரம் போறதில்ல. பெரட்டுல கங்காணி சத்தம் போடுற மாதிரி. கிட்ட நிக்கிறவனுக்குத்தான் கேக்கும். அடுத்த நிமிசம் காத்துல கரைஞ்சிரும். நைட்ரிக் ஆக்சைட் கொஞ்சமா இருந்தாத்தான் விந்தணு நீந்தவே கிளம்பும், பொண்ணோட கருமுட்டைக்குள்ள போறதுக்குத் தயாராகும். நீங்க சாம்பிள் குடுக்க முடிஞ்சதே அது ரத்தக் குழாயை விரிச்சதாலதான். கார்பன் மொனொக்சைட்டும் அங்க துளியளவு உருவாகுது, செல்லைப் பாதுகாக்கிறதில அதுக்கும் பங்கு இருக்கும்னு நினைக்கிறாங்க. முட்டை நாத்த வாயு குறைஞ்ச சில பேருக்கு நீச்சலும் குறையுது. இன்னும் ஆராய்ச்சி நடக்குது, மாத்திரை எழுதுற அளவுக்கு வரல்ல."

"அப்ப அளவு மீறினா நிக்கும்னு சொன்னது?"

"கங்காணி காதுக்குள்ள வந்து கத்தினா ஆள் வேலை செய்வானா, காதைப் பொத்துவானா? அதுதான். சரி, சிகரெட் பிடிப்பீங்களா?"

சாந்தி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம்" என்றேன்.

"பஸ் புகைக்கு மூச்சை அடக்கிட்டு, அதே வாயுவை விலை குடுத்து வாங்கி உள்ள இழுத்திருக்கீங்க. நைட்ரிக் ஆக்சைட்டும் அதில, கரி வாயுவும் அதில. முட்டையை மட்டும் விட்டிருக்கீங்க. முட்டையைச் சாப்பிடுங்க. சிகரெட்டை விடுங்க. புதுசா ஒரு கூட்டம் உருவாகி வர மூணு மாசம் போகும். அதுவரைக்கும் இவங்க மேல கத்தி வைக்கிற பேச்சே இல்ல." மூடிய அறைக்குள் தணல் சட்டி வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். மும்முனைப் போரில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது.

7. இப்போது

எங்கள் மகள் இப்போது ஹட்டனில் படிக்கிறாள். முட்டை என்றால் வாந்தி வருகிறது என்கிறாள். நானாவிடம் அதைச் சொன்னபோது, "தகப்பன் வாங்கின சாபம்" என்றார். கத்தி கடைசிவரை தேவைப்படவில்லை. ரேணுகா மிஸ் ஓய்வு பெற்றுப் பேராதனைப் பக்கம் போய்விட்டார். அந்தப் பழைய லேபின் டைல்ஸ் மேசையும் போய், இப்போது பளபளக்கிற ஸ்டீல் மேசை. அது இன்னும் குளிர். சில காலைகளில் ஷட்டரைத் தூக்கும்போது, 'மொதல் வேல இன்கியூபேட்டர்' என்று பின்னாலிருந்து மிஸ்ஸின் குரல் கேட்பது போல இருக்கும். அந்தக் குரலுக்காகவே லைட்டைப் போடாமல் இருட்டிலேயே போய் அதைப் போடுகிறேன்.

போன மாதம் ஒரு இளம் ஜோடி வந்தது. கல்யாணமாகி இரண்டு வருடம் என்றார்கள். பையன் கோட்டுக்குள் இடது கையை ஒட்டிப் பிடித்திருந்தான். புதிய பிள்ளைகள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நான் பெண்ணிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: "ஒங்களுக்கு என்னென்ன டெஸ்ட் எடுத்தாங்க?"

பெண் பதில் சொல்லுமுன் பையன் சொன்னான்: "இவளுக்கு இன்னும் ஒன்னும் எடுக்கலைங்க. மொதல்ல எனக்குப் பாத்துருவோம்னு வந்தோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் பயமாத்தான் இருக்கு" என்றான்.

அந்தப் பெண் சிரித்துவிட்டு, அவனுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

குப்பியை வாங்கினேன். நல்ல சூடாக இருந்தது.